நாச்சிமுத்து அண்ணனின் சிவப்புக் கொடி

செய்தியை எனக்குச் சொன்னவர் பேருந்து நடத்துநர் மாதேஸ்வரன். ராசிபுரத்திலிருந்து சேலத்தில் உள்ள என் கல்லூரிக்குப் போகும் காலை வண்டியில், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். மாதேஸ்வரனும் எங்கள் வலுதூக்கும் கூட்டத்தில் ஒருவர்தான். நெல் மூட்டையைப் போல இரண்டு மடங்கு பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்த மனிதர். அன்று சீட்டுக் கட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“டீச்சர், நம்ம செவப்பு போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம் பட்டறையில நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாராம். உக்காந்தவரு எந்திரிக்கலையாம்.”

பின்னாலிருந்து யாரோ மீதிச் சில்லறை கேட்டுக் கத்தினார்கள். அவர் அங்கே போனார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, நாமக்கல் வண்டியைப் பிடித்தேன்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பாரம் தூக்கும் கம்பியைத் தொட்ட எவருக்கும் நாச்சிமுத்து அண்ணனைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். எழுபதுகளில், வாங்கக் கம்பி கிடைக்காத நாளில், பழைய லாரி அச்சைக் கடைந்து கம்பியாக்கித் தூக்கிப் பழகியவர்களில் ஒருவர். தோள் விட்டுப்போன பிறகு நடுவரானார். எங்கள் போட்டிகளில் மூன்று நடுவர்கள். எடுத்தது சரியென்றால் வெள்ளைக் கொடி, தவறென்றால் சிவப்பு. மூன்றில் இரண்டு வெள்ளை விழுந்தால் வெற்றி. மற்ற இருவர் என்ன காட்டினாலும் அண்ணன் கையில் அதிகம் எழுந்தது சிவப்புதான். பெயரே அதுவாகிப் போனது.

இரங்கல் கூட்டத்தில் எங்கள் சங்கச் செயலாளர் பேசினார். “வெளியிலதாங்க முள்ளு. உள்ள பலாச்சுளை மாதிரி மனசு அவருக்கு” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அந்த முள்ளைத் திட்டித் தீர்த்தவர்கள், ஆள் போன மறுவாரமே சுளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு உள்ளேயும் முள்தான். செத்துப்போனார் என்பதற்காக அவரை யாரும் இளக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஒருபோதும் நடு நாற்காலியில் உட்காரமாட்டார். நடு நாற்காலிதான் தலைமை நடுவருக்கு. மாலையும் மரியாதையும் அங்கேதான் போகும். மூத்தவர் என்று எல்லாப் போட்டியிலும் அவரை அங்கே உட்காரச் சொல்வார்கள். அவர் பக்கவாட்டு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

“நடுவுல உக்காந்தா எதுக்க மூஞ்சி தெரியுங்க அம்மிணி. அவன் பல்லைக் கடிக்கறது, கண்ணுல தண்ணி முட்டறது எல்லாந் தெரியும். மூஞ்சியைப் பார்த்தாக் கை தானா வெள்ளைக்குப் போகும். பக்கத்துல உக்காந்தா இடுப்பும் முட்டியுந்தான். அதுக ரெண்டும் அழுவாது.”

கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவதுதான் எங்கள் போட்டியின் முதல் தூக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. உட்காரும்போது இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஆனால் பாரம் ஏற ஏற எல்லோருக்கும் விதி கொஞ்சம் மேலே ஏறிவிடும். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்து, கழுத்தைச் சாய்த்து, தரையை ஒட்டிப் பார்ப்பார். பள்ளிபாளையத்தில் ஒரு போட்டியில் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “ஏனுங்ணா, கீழ என்ன, கோழி முட்டை கெடக்குதா?” ஊரெல்லாம் கோழிப் பண்ணை முளைத்துக்கொண்டிருந்த நேரம். கூட்டம் சிரித்தது. அண்ணன் கழுத்தை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: “மொதல்ல உக்காரச் சொல்லு சாமி. உக்காராத கோழி எங்க முட்டை போடும்?” சொல்லிக்கொண்டே சிவப்பைத் தூக்கினார். அந்தச் சிவப்பு அந்த ஊர் மில் முதலாளியின் மருமகனுக்கு. அடுத்த இரண்டு வருடம் பள்ளிபாளையத்துப் போட்டிக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. அவர் போனார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்தே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

இதற்கெல்லாம் அவர் விலை கொடுத்ததும் உண்டு. சொந்தத் தம்பிக்கு ஒரே போட்டியில் மூன்று முறையும் சிவப்புக் காட்டினார். தம்பி அன்றைக்குக் கம்பியை விட்டவர்தான், பேச்சையும் விட்டார். இழவு வீட்டில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். பந்தலுக்கு வெளியே தனியாக நின்றிருந்தார். “மூணாவது நல்லாத்தாங்க எறங்குனேன்” என்று, கேட்காமலே என்னிடம் சொன்னார். இருக்கலாம். அண்ணன் கண் ஒருநாளும் பிசகவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? பிசகினால் அவருக்கு வேண்டியவர்கள் பக்கம் பிசகாது, அவ்வளவுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முதுகுவலி. தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் என்னை உடையக்கூடிய பாத்திரம் போல நடத்தத் தொடங்கினார்கள். அதைத் தாங்க முடியாமல், என் தம்பி செல்வம் நூல்கடைக்குப் பின்னால் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். ஆண்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, வெறுங்கம்பியில் ஆரம்பித்தேன். முதுகு தாங்கி நின்றது. நானும் நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் போட்டியில் முதன்முதலாகப் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். வந்தது நானும் இரண்டு மாணவிகளும். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு மாலையும் கோப்பையும் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். யார் எதைத் தூக்கினாலும் வெற்றி. ஒலிபெருக்கியில் “நம் வீட்டுப் பெண்களை உற்சாகப்படுத்துங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு உற்சாகம் வேண்டாம். நான் எடுப்பது கணக்கில் வர வேண்டும். ஆணுக்கு எண்ணப்படுவது போல எண்ணப்பட வேண்டும். அதற்காகத்தான் வீட்டில் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

முதல் முறை உட்கார்ந்தேன், எழுந்தேன். நடுவில் வெள்ளை, இடப்பக்கம் வெள்ளை. கைதட்டல் கூரையைத் தொட்டது. வலப்பக்கம் திரும்பினேன். அங்கே சிவப்பு.

“யோவ் செவப்பு! பொம்பளைப் புள்ளைகிட்டயுமா?” என்று ஒரு குரல்.

செயலாளர் வேகமாகப் போய் அவர் காதருகே குனிந்தார். குனிந்து பேசியதும் அந்த மேடையில் எல்லோருக்கும் கேட்டது. “அண்ணா, இது சும்மா ஒரு காட்சிங்க. வெள்ளையைக் காட்டுங்க, மானம் போகுது.”

“சும்மாவா?” என்றார் அண்ணன். “அந்த அம்மிணி தோள்ல ஏத்தினீங்களே இரும்பு, அது சும்மாவா? அதைக் கழட்டிட்டு வெறுங்கம்பியைக் குடுங்க, நானும் வெள்ளை காட்டறேன். இரும்பை ஏத்திப்போட்டு அவங்களை ஏமாத்தாதீங்க.”

எனக்கு முதலில் அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது எரிச்சல் திசை மாறியது. அந்த அரங்கில் அத்தனை பேரும் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் மட்டும் என் இடுப்பு எங்கே நின்றது என்று பார்த்திருந்தார். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. எனக்கும் அது தெரியும்.

விதிப்படி, வென்ற எடையைத் திரும்ப எடுக்க முடியாது, ஏற்றித்தான் ஆக வேண்டும். செல்வம் கையைப் பிடித்துக்கொண்டான். “போதும்க்கா. ரெண்டு வெள்ளை விழுந்தாச்சு, கப்பு நம்முது. மேல ஏத்தி முதுகு போச்சுன்னா மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அந்த ஆள் சிவப்புக் காட்டியிருக்கார்டா.”

“ஒருத்தர்தானேக்கா!”

“அந்த ஒருத்தர்தான்டா என்னைப் பார்த்தவர்.”

ஏற்றினார்கள். இரண்டாவது முறை முழுக்க இறங்கினேன். எழ முடியவில்லை. செல்வமும் மாதேஸ்வரனும் இரண்டு பக்கமும் கம்பியைத் தாங்கி எடுத்தார்கள். மூன்று கொடியும் சிவப்பு. “வேண்டாத வேலை” என்று முன் வரிசையில் ஒரு அம்மாள் சொன்னார். தலை குனிந்து வலப்பக்கமாக நடந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னார்:

“எறங்கிட்டீங்க அம்மிணி. இனி ஏறுறது ஒண்ணுதான் பாக்கி.”

மூன்றாவது, அதே பாரம். இறங்கினேன். அடியில் ஒரு கணம் எதுவுமே கேட்கவில்லை. பிறகு அங்குலம் அங்குலமாக எழுந்து நின்றேன். மற்ற இரண்டு நடுவர்களும் கொடிக்குக் கை நீட்டும் முன்பே வலப்பக்கத்தில் வெள்ளை எழுந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. கொடியை இறக்கிவிட்டு, அடுத்து வருபவருக்காக நாற்காலியைச் சரிசெய்தார்.

அதற்குப் பிறகு நானும் நடுவர் தேர்வு எழுதி, அவரோடு பல மேடைகளில் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்தேன். பாதி நேரம் எங்கள் கொடிகள் ஒத்துப்போகவில்லை. ஒருமுறைகூட அதற்காக அவர் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரில் ஒரு கோப்பை வைத்து நாமக்கல்லில் போட்டி நடந்தது. செயலாளர் என்னை வரவேற்று, நடு நாற்காலியில் உட்காரச் சொன்னார். “இன்னைக்கு எல்லாரும் சந்தோஷமாப் போவட்டுங்க டீச்சர். அண்ணன் ஆத்மா குளிரும்” என்றார்.

நான் வலப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் வந்தவன் செயலாளர் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன். நல்ல தோள். நுனிக்கு வந்து கழுத்தைச் சாய்த்தேன். பையன் உட்கார்ந்தான், எழுந்தான். நடுவில் வெள்ளை, எதிரில் வெள்ளை. என் கையில் சிவப்பு.

பின்வரிசையிலிருந்து மாதேஸ்வரனின் குரல் எழுந்தது.

“எவன்டா சொன்னது செவப்பு செத்துப்போச்சுன்னு?”

நான் கழுத்தை நிமிர்த்தவில்லை.