நியூட்ரலில் போன அறுபது மில்லி

எங்கே போகணும் என்று போனில் கேட்டேன். எங்கேயும் இல்லை, ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்தால் போதும் என்றார்கள். நான் தர்மபுரியில் இருபத்தைந்து வருடமாக ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓட்ட ஆள் இல்லாத நாளில் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவது வேலை. கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், துக்கத்துக்குக் கூப்பிடுவார்கள், சேலத்து ஆஸ்பத்திரிக்கும் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கும் கூப்பிடுவார்கள். ஒரு கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கூப்பிட்டவர் காரிமங்கலம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்தும் ஒரு அம்மா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்துதான் ஆலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தம்பிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அக்கா இந்த வயதில் இப்படி ஒரு காரில் போவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்பார். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்கூட வராது என்பார். பத்துக்குக் குறையாமல் வருகிறது என்று இவர் சொல்ல, நிரூபி என்று அவர் சொல்ல, பேச்சு முற்றிப்போய்விட்டது.

"பத்துக்கு கீழ வந்தா வித்துடறேன். பத்து வந்துச்சுன்னா இனிமே இந்த வண்டிய பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். தம்பி ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அக்கா ஓட்டக்கூடாது, பக்கத்திலும் உட்காரக்கூடாது.

"நீ ஓட்டினா கைக்கொழந்தைய தூக்கிட்டுப் போற மாதிரி ஓட்டுவ. எங்கிருந்தாவது ஒரு ஆக்டிங் டிரைவர கூப்பிடு. ஏசி ஓடணும். எல்லாரும் போற வேகத்துல போகணும்."

இதையெல்லாம் தர்மபுரி பெட்ரோல் பங்க்கில் அவர்கள் இருவரும் என் முன்னாலேயே மறுபடி ஒரு தடவை பேசிக்கொண்டார்கள். நான் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. வாத்தியார் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லவே எனக்கு வேர்த்துவிடும்.

கார் சாம்பல் கலந்த நீலம். இரண்டே இருக்கை. முதலில் உடம்பை இறக்கி, அப்புறம் தலையைக் குனிந்து, கடைசியாகக் காலை இழுத்து என்று தவணை முறையில்தான் உள்ளே போக முடியும். உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கிறவரின் முழங்கால் நம் கண்ணுக்கு நேராக வருகிறது. அந்த அம்மா கதவோரம் குனிந்து, சீட்டை எப்படி நகர்த்துவது, ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். ஆக்டிங் டிரைவருக்கு வண்டியைப் பற்றி யாரும் இவ்வளவு சொல்வதில்லை. சாவியை நீட்டி, சைடு கண்ணாடி உரசாமல் எடு என்பார்கள்.

அப்புறம் ஒரு நோட்டைக் காட்டினார். எட்டு மாதமாக ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பியதும், ஓடிய தூரமும், லிட்டருக்கு எத்தனை என்பதும் அதில் இருந்தன. பத்தரை, பத்து, பத்தேகால். நடுவில் ஓர் இடத்தில் ஏழு புள்ளி இரண்டு. பக்கத்தில் 'தீர்த்தமலை போய் வந்தது. நான்தான் வேகமாக ஓட்டினேன்' என்று எழுதியிருந்தார். யாரும் பார்க்காத நோட்டில் ஒருவர் தன் தப்பைத் தானே எழுதி வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தக் கார் இவரிடமே இருக்க வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பெட்ரோல் போட வந்த பெண்ணிடம் அந்த அம்மா சொன்னார். "ஃபுல் பண்ணும்மா. 'டக்'குன்னு தானா நிக்கும் பாரு, அதோட விட்டுடணும்."

"ரவுண்டா போட்டுடட்டுங்களா மேடம்?"

"வேணாம்மா. ஒரு சொட்டு மேல போடாத."

"எல்லாரும் வண்டிய ஆட்டி ஆட்டி இன்னும் போடுன்னுதாங்க சொல்லுவாங்க."

"எங்க அக்கா மட்டும்தான் போதும்பாங்க" என்றார் தம்பி. "அதுவும் இன்னிக்கு மட்டும்."

இப்படித்தான் அளக்க வேண்டும் என்று அந்த அம்மா விளக்கினார். டேங்க் நிரம்பியதும் குழாய் தானாக நிற்கும். சுற்றி வந்து அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்பினால், உள்ளே போகிற பெட்ரோல்தான் வழியில் செலவானது. ஓடிய தூரத்தை அதால் வகுக்க வேண்டும். காரின் திரை காட்டும் சராசரியை நம்புவதில்லை என்றார். அது எப்போதும் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளுமாம்.

பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்பி, சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் இறங்கி ஏறி வரவேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான் மட்டும் கிளம்பினேன்.

எத்தனையோ கார் ஓட்டியிருக்கிறேன். மற்ற வண்டிகளில் நாம் திருப்பிய பிறகு வண்டி யோசித்துத் திரும்பும். இது நான் நினைத்தபோதே திரும்பியிருந்தது. மேட்டில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டால் முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவதுபோல இருந்தது. ஆனால் ஊருக்குள் வந்தால் அதன் பவிசெல்லாம் போய்விடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பென்னாகரத்தில் எனக்குப் பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணா, தூக்கி வுடட்டுமா?" என்றார்.

ஒகேனக்கல் மலைப்பாதை வளைவும் குரங்குமாக இருக்கும். அங்கே கியரிலேயே வைத்துத்தான் இறக்க முடியும். அப்போது வேகம் காட்டும் இடத்துக்குக் கீழே ஒரு சின்ன எண் 0.0 என்று நின்றதைப் பார்த்தேன். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கீழே மீன் வறுக்கும் வாசனை காருக்குள்ளேயே வந்தது. நிறுத்தாமல் திருப்பினேன்.

தொப்பூர் கணவாய் வேறு மாதிரி. அகலமான ரோடு, நீளமான இறக்கம். நியூட்ரலில் ஓட்டாதீர்கள் என்று வழி நெடுக போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த போர்டைப் படித்துக்கொண்டே நியூட்ரலுக்குக் கையைக் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். நான் தொழில் பழகியதே லோடு வேனில்தான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சம் பிடிக்காதவன் டிரைவரே இல்லை என்றுதான் பழக்கியிருந்தார்கள். அதனால் எத்தனை வண்டி பிரேக் பிடிக்காமல் போய் மோதியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கார்களில் அந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று இடது கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளியது. அந்தச் சின்ன எண் 2.4 என்று மாறியது. அதையும் பார்த்தேன். என்னவென்று யோசிக்கவில்லை.

பங்க்குக்குத் திரும்பி அதே பம்பில் நிறுத்தினேன். அந்தப் பெண் குழாயை வைத்தாள். பதினான்கு புள்ளி இரண்டு ஆறு லிட்டரில் 'டக்' என்று நின்றது. தம்பி போனில் கணக்குப் போட்டார்.

"ஒம்பது புள்ளி ஒம்பது அஞ்சு."

பதினான்கு இருபதில் நின்றிருந்தால் சரியாகப் பத்து. அறுபது மில்லி அதிகம். டீக்கடையில் பாதி கிளாஸ்.

"ஆறுகூட வராதுன்ன" என்றார் அந்த அம்மா.

"தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பத்துன்னு சொன்னது யாரு?"

"நான்தான்." அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "டிரைவர் அண்ணா, தொப்பூர் இறக்கத்துல எந்த கியர்ல வந்தீங்க?" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. தேர்டு கியர் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஏழு புள்ளி இரண்டு கண் முன்னால் வந்து நின்றது.

"நியூட்ரல்ல விட்டுட்டேங்க."

தம்பி சிரித்தார். "பாத்தியாக்கா? நியூட்ரல்ல விட்டு மிச்சம் புடிச்சும் பத்து வரல. கியர்லயே வந்திருந்தா ஒம்பதரைதான்."

"இல்லடா. இறக்கத்துல கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டா இந்த வண்டி பெட்ரோலே கேக்காது. சக்கரமே இஞ்சின சுத்திக்கும். நியூட்ரல்ல விட்டாதான் இஞ்சின் நிக்காம இருக்க தனியா பெட்ரோல் எடுக்கணும்."

"அப்ப ரோட்டுல போற டிரைவருங்க எல்லாம் முட்டாளுங்களா?"

உள்ளுக்குள் நானும் தம்பி பக்கம்தான். இத்தனை வருடம் நம்பியதை ஒரு வார்த்தையில் விட்டுவிட முடியுமா? அந்த அம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. யார் மேல் தப்பு என்று பேசவும் இல்லை.

"சரி. ஒரு தடவைன்னு பேசினோம். முடிஞ்சது. புரோக்கர் நம்பர நீயே குடு" என்றார். என்னிடம், "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அப்படிச் சொன்னதும் கால் நகரவில்லை. அப்போதுதான் அந்த 0.0வும் 2.4ம் ஞாபகம் வந்தன. கெட்டுப்போன மீட்டர் எப்படி ஓர் இறக்கத்தில் பூஜ்யமும் இன்னோர் இறக்கத்தில் வேறு எண்ணும் காட்டும்?

"சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "சார், ஒரு நிமிஷம் எங்கூட வண்டில வந்தீங்கன்னா ஒண்ணு காட்டறேன்."

இருவருமே என்னைப் பார்த்தார்கள். இரண்டு இருக்கைதான் என்பதால் அந்த அம்மா பங்க்கிலேயே நிற்க வேண்டியிருந்தது. சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

தம்பி முனகிக்கொண்டே ஏறினார். "என்னய்யா இது, குழிக்குள்ள எறங்கற மாதிரி இருக்கு." கணவாய் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கம் ஆரம்பித்ததும் தேர்டு கியரில் போட்டுக் காலை எடுத்தேன். "அந்தச் சின்ன நம்பர பாருங்க சார். எவ்வளவு குடிக்குதுன்னு காட்டறது."

"பூஜ்யம். வேலை செய்யலியா?"

"மேட்டுல வர்றப்ப பதினெட்டு காட்டுச்சுங்க."

பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு சிறிது தூரம் மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளினேன். 2.4. மறுபடி கியர். 0.0.

"திரும்பப் போடு."

போட்டேன். அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு நிமிர்ந்து, முன்னால் இறங்கிக்கொண்டிருந்த லோடு வண்டிகளைப் பார்த்தார்.

"நம்ம ஆலை வண்டிங்க எல்லாம் இந்த இறக்கத்துல எப்பிடி வருது?"

"லோடு வண்டி எல்லாமே நியூட்ரல்லதாங்க."

"ம்" என்றார்.

எனக்கும் அதே 'ம்'தான். லோடு வேன் ஓட்டிய நாளில் உயிரைப் பணயம் வைத்து நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அந்தச் சின்ன எண் சொல்லிவிட்டது. அந்த அம்மா இதை வாயால் சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டு பேரும் நம்பாதபோதும் அவர் குரலை உயர்த்தாமல் தோல்வியை ஏற்றுக்கொண்டதை நினைத்துக்கொண்டே மேடு ஏறினேன்.

பங்க்கில் இறங்கியதும் தம்பி சுற்றி வளைக்காமல் சொன்னார். "அக்கா, இன்னிக்கு அளந்தது செல்லாது. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பப் பாப்போம்."

"ரூல் அதேதான். இவரேதான் ஓட்டணும்."

"இவரா? இன்னொரு தடவ கை நீண்டுச்சுன்னா?"

"நீளாது" என்றார் அந்த அம்மா.

அடுத்த ஞாயிறு முதலில் டேங்கை நிரப்பிக்கொண்டு அதே சுற்று. அதே வெயில், அதே ஏசி, அதே வேகத்தடைகள். தொப்பூர் இறக்கத்தில் தேர்டு கியரில் வைத்துவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவில்லை. பழக்கம் பொல்லாதது, இடது கை இரண்டு தடவை துடித்தது. பக்கத்தில் லோடு வேன்கள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின.

பங்க்குக்கு வந்து நிறுத்தினேன். அந்தப் பெண் இந்தத் தடவை ரவுண்டு பற்றிக் கேட்கவில்லை. குழாயை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா பம்புக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதான் மீட்டரை வாய்விட்டுப் படித்தார்.

"பதிமூணு... பதிமூணு அம்பது... எழுவது..."

பதினான்கு இருபதுக்குள் நிற்க வேண்டும். பதிமூன்று தொண்ணூறு தாண்டியதும் தம்பியும் படிப்பதை நிறுத்திவிட்டார். பதினான்கு. பதினான்கு பூஜ்யம் மூன்று.

'டக்.'

"பதினாலு பூஜ்யம் ஆறு" என்றாள் அந்தப் பெண்.

தம்பி போனில் போட்டுப் பார்த்தார். "பத்து புள்ளி பூஜ்யம் ஒம்பது." அதை ஒரு மாதிரி சந்தோஷமாகவே சொன்னார்.

அந்த அம்மா அப்போதுதான் திரும்பினார். மீட்டரைத் தானும் ஒரு தடவை படித்து, நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். போன வாரத்து ஒன்பது புள்ளி ஒன்பது ஐந்தையும் அடிக்காமல் மேலேயே வைத்திருந்தார். பக்கத்தில் காரணம் என்று எதுவும் எழுதவில்லை. என் தப்பை அவர் தன் நோட்டில் ஏற்றவில்லை.

சாவியைக் கொடுத்தேன். அவர் டிரைவர் பக்கம் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தன் அளவுக்கு இழுத்துக்கொண்டார். தம்பி யாரும் கூப்பிடாமலேயே மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, போன வாரத்தைவிடச் சுலபமாக உள்ளே இறங்கினார். எனக்கு அதில் இடம் கிடையாது. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.