தலைமாட்டுத் தண்ணீர்

அபுதாபிப் பக்கம் ருவைஸில் எங்கள் கிரேனை ஓட்டியவர் எகிப்துக்காரர். நான் கீழே நின்று சுமையைக் கட்டிவிடுபவன். என் வாய் சும்மா இருக்காது. "பாய், உங்க ராஜா செத்ததுக்கு ஊரே கல்லு சுமந்துச்சாமே, ஓவர்டைம் குடுத்தானா?" என்று சீண்டுவேன். பாதி இந்தி, பாதி அரபியில்தான் எங்கள் பேச்சு. அவரும் சிரிப்பார்.

ஒரு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சிரிக்கவில்லை. "அந்த ராஜாக்களுக்கு இன்னிக்கும் யோகம்தான், சதீக்," என்றார். சதீக் என்றால் அரபியில் நண்பன். அவர் நூபியாக்காரர், எகிப்தின் தெற்குக் கோடி. நைல் நதியில் பெரிய அணை கட்டியபோது அவர்கள் ஊர்கள் மொத்தமும் ஏரிக்குள் போயின. ராஜா சிலைகளை மட்டும் உலகமே கூடி வந்து அறுத்தெடுத்து, மேட்டில் ஏற்றி வைத்தது. சனங்களை ஆற்றைவிட்டுத் தள்ளி ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். கல்லுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! எனக்கு வயிறெரிந்தது.

"அங்க பொதைச்சவங்க எல்லாம்?" என்றேன்.

அவர்கள் வழக்கத்தில் சமாதியின் தலைமாட்டில் ஒரு மண்கிண்ணம் இருக்குமாம். செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று அதில் தண்ணீர் ஊற்றுவார்களாம். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, அப்போது சின்னப் பெண்ணாக இருந்த அவருடைய அம்மா, தன் அப்பாவின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு அழுதுகொண்டே படகேறினாராம். "அப்புறம் நைல் முழுசும் தாத்தா மேலதான்," என்றார். எனக்கு அதிலிருந்து கேனில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அடியில் யாரோ படுத்திருப்பதுபோல ஓர் அச்சம். இன்றும் விடவில்லை.

அந்த அம்மா அப்போது ஊரில் சாகக் கிடந்தார். தன் கிண்ணத்துக்கு மூத்த மகன் கையால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். இங்கேயோ ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, லீவு மாஃபி, கிடையவே கிடையாது. நான் சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் உயிர் போயிற்று. மார்க்கப்படி அன்றைக்கே அடக்கம். ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, அங்கே யாரோ பிடித்துக் காட்டிய வீடியோ காலை அவர் போனில் பார்த்தார். பக்கத்தில் நான்.

மண் தள்ளி முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். கிண்ணத்தைக் காணோம். "தண்ணி! அம்மாவுக்குத் தண்ணி வைடா!" என்று தம்பியைப் பார்த்து அலறினார். பாவம், அந்தத் தம்பி ஓடிப்போய் யார் வீட்டிலிருந்தோ ஒரு கிண்ணம் வாங்கிவந்து தலைமாட்டில் பதித்தார். சட்டைப் பையிலிருந்த கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து விளிம்புவரை ஊற்றினார்.

"அப்பாடா," என்றேன். "அம்மாவுக்குத் தண்ணி கெடைச்சிருச்சு பாய்."

அவர் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குடிக்க மாட்டா," என்றார். "அந்தப் பொட்டலுக்கு வந்ததுலேருந்து, ஆத்துத் தண்ணியைத் தவிர வேற எதையும் அவ தண்ணின்னு சொன்னதே இல்ல."