நனையக்கூடாத மாமா

நோர்வேயிலிருந்து வருகிற சனமெல்லாம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பும். எங்கள் மாமா மட்டும் மார்கழி அடைமழையில் வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தவருக்குக் கிடைத்த லீவு இரண்டே கிழமை, பதினாலே நாள். மழைக்காலத்தில் வெப்பநாடுகளுக்குப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று மாமி ஒரு நீட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். முழங்கால் மட்டும் வரும் சப்பாத்து, மஞ்சள் மழைக்கோட்டு, நுளம்பு கடிக்காமல் பூசுகிற களிம்பு, ஒரு பை நிறைய மருந்து. வட்டுக்கோட்டை வெள்ளத்துக்குள் உழக்கி வளர்ந்த மனிசனுக்கு இதெல்லாம்!

பட்டியலில் முதலாவது, மழையில் நனையக்கூடாது என்பது. நனைந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறமுடியாது. இந்தப் பெரிய பொறுப்பை அம்மா ஒன்பது வயதான என் தலையில் கட்டிவிட்டார்.

"மாமா நனைஞ்சாரெண்டால் உனக்குத்தான் விழும், சொல்லிப்போட்டன்" என்றார். அம்மா சொன்னால் சொன்னதுதான், விழும்.

புதன்கிழமை மாமாவுக்கு மானிப்பாய் பார்க்க ஆசை வந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சும்மா நிற்க, அவர் பழைய சைக்கிளை எடுத்தார். மழைக்கோட்டு புழுங்குகிறதாம், அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டார். நான் பின் கரியரில் இருந்து அவர் தலைக்கு மேலே குடை பிடித்தேன். காற்று ஒருபக்கம் இழுக்க நான் மறுபக்கம் இழுத்தேன். வீதி நெடுக வெள்ளம். எல்லாரும் ஓரத்தால் பார்த்துப் பார்த்துப் போனார்கள். இவரோ இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நடுவெள்ளத்துக்குள்ளே சைக்கிளை விட்டார்.

"மாமா, அம்மா எனக்கு அடிப்பா!" என்று குளறினேன்.

"அடிக்கமாட்டா பிள்ளை. நான் சொல்லுறன்."

அப்போது பார்த்துக் குடை மறுபக்கம் மடங்கிப்போனது. மாமா சைக்கிளை நிறுத்தி, குடையைச் சுருட்டிக் கரியரில் செருகினார். மானிப்பாய் மட்டும் போன மிச்சத் தூரமும் வீட்டுக்குத் திரும்பின தூரமும் அவர் உரத்துப் பாடிக்கொண்டு வந்தார், நான் அழுதுகொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். பிறகு தம்பியைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிய, பல்லெல்லாம் தெரிய அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா ஓங்கிய கையால் துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டத் தொடங்கினார். எனக்கு விழவில்லை. ஏன் விழவில்லை என்று கேட்க எனக்கென்ன விசரா?

அடுத்த நாள் மாமா போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். எல்லாம் என்னால்தானே! மருந்துப் பையிலிருந்த தெர்மோமீற்றரை எடுத்து அவர் கமக்கட்டில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறரை. பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன், அது காய்ச்சலே இல்லை. சந்தோசத்தில் குசினிக்கு ஓடினேன். அங்கே அம்மா நண்டு போட்டு ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டே மாமியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், உடம்பு நெருப்பாக் கொதிக்குது. இந்த நிலைமையிலை ஆளை எப்பிடிப் பிளேன் ஏத்திறது? இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும்."

"அம்மா, முப்பத்தாறரைதான்! மாமாவுக்கு ஒண்டுமில்லை!" என்று கத்தினேன்.

விழுந்தது ஒரு குட்டு. புதன்கிழமைக்கும் சேர்த்து விழுந்த குட்டு.

மாமா எழும்பி வந்து இரண்டு கோப்பை கூழ் குடித்தார். அம்மா கேட்காமலே மூன்றாவதை வார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கு அம்மாவில் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. பாவம், இத்தனை வயதாகியும் அம்மாவுக்குக் காய்ச்சல் பார்க்கத் தெரியவில்லை.