பதினோரு வரி

எட்டு வருஷம் வீட்டோடு இருந்து பிள்ளை வளர்த்த பரிமளா, முப்பத்தாறு வயதில் வேலைக்குப் போனாள். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு தினமும் பஸ். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் சின்ன கம்பெனி அது. முதலாளி ஆத்மநாதன் நல்ல மனுஷன்தான், கைதான் கொஞ்சம் இறுக்கம். வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி மாளவில்லை என்று, சாஃப்ட்வேர் எழுதும் கருவிகளை எல்லாம் ஓப்பன் சோர்ஸுக்கு மாற்றியிருந்தார். யாரும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். அவருக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா?

ஒரே ஒரு தொல்லை. அதில் ஒரு கருவி, ரிப்போர்ட்டில் தமிழ் வரும் இடத்தை எல்லாம் கட்டங்கட்டமாக்கியது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதற்குள் பதினோரு வரி எழுதிச் சரிசெய்தாள் பரிமளா. கருவியை உருவாக்கியவர்களுக்கே அதை அனுப்பிவிடலாம் என்றாள். நாம் பாடுபட்டதை ஊருக்கெல்லாம் ஏன் தாரை வார்க்க வேண்டும் என்று மறுத்துவிட்டார் ஆத்மநாதன்.

விளைவு என்ன? புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பதினோரு வரியும் அழிந்துபோகும். அவள் உட்கார்ந்து மறுபடி ஒட்டுப்போட வேண்டும். வேறு யாருக்கும் அது கைவரவில்லை. பொய் சொல்வானேன், அவளுக்கும் அது உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. ஏழு இன்டர்வியூவில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அவள்.

அவள் கணவன் சோலையப்பன் இரண்டு வருஷம் கழித்து குவைத்திலிருந்து முப்பது நாள் லீவில் வந்தான். நான்காம் நாள் மூவரும் குன்றாண்டார்கோவிலுக்குக் கிளம்பினார்கள். புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது போன் வந்தது. புதுப் பதிப்பு வந்துவிட்டதாம், உடனே வர வேண்டுமாம். அப்பாவோடு பஸ் ஏறிய மகள் காவ்யா, ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பாவம், பரிமளா அங்கேயே நின்று அழுதுவிட்டாள்.

ஒட்டுப்போட்டு முடித்ததும் நேரே முதலாளியிடம் போனாள்.

"சார், இதை அனுப்பிர்றேன். கருவிய இனாமா எடுத்துக்கிட்டோம், நாம திருத்துனது மட்டும் நம்ம சொத்தா?"

"அனுப்பிட்டா, அப்புறம் நீங்க எதுக்கும்மா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அவள் இத்தனை நாள் பயந்த கேள்வியும் அதுவேதான்.

"தெரியலைங்க சார். ஆனா எங்க வீட்டுக்காரரு குவைத்துக்குத் திரும்பிப் போக இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு."

ஆத்மநாதன் அனுப்பச் சொன்னார். லீவையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அனுப்பினாள். முகம் தெரியாத யாரோ இரண்டு கேள்வி கேட்டார்கள், பதில் எழுதினாள். அந்தப் பதினோரு வரியையும் கருவியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பதினைந்து நாள் கழித்து அடுத்த பதிப்பு வந்த காலையில், ஆபீஸிலிருந்து, கூட வேலை பார்க்கும் செம்மல் போனில் கூப்பிட்டான்.

"நீங்க இல்லாமலே ஓடிருச்சுக்கா."

நல்ல செய்தி என்றுதான் சொன்னான். அவளுக்கோ, இனி தன்னை யார் தேடப்போகிறார்கள் என்று இருந்தது. ஆபீஸுக்குப் போகணுமா என்று சோலையப்பன் கேட்டதற்கு, "வேணாம், போகலை" என்றாள்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த காவ்யா வாயில் நுரையோடு ஓடி வந்தாள்.

"நெசமாவாம்மா?"