அம்மா தாண்டிய வேலி

இன்று பிரிஞ்சாங் சந்தையில் எங்கள் பழைய தோட்டத்துக் கணக்கரின் மனைவி கிராணியம்மாவைப் பார்த்தேன். எண்பது வயதிருக்கும். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடும்பங்களுக்கென்று குதிரையில் வேலி தாண்டும் போட்டி வைத்தார்கள். துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட அப்பா, கொழுந்து பறிக்கும் அம்மா, பதின்மூன்று வயது நான், மூவரும் சேர்ந்தோம். தொழிலாளர் லயத்திலிருந்து போன ஒரே குடும்பம் நாங்கள்தான்.

அப்பாவும் நானும் எங்கள் சுற்றை முடித்துவிட்டோம். அம்மாவின் குதிரை கடைசி வேலிக்கு முன்னால் நின்றுவிட்டது. தாண்டாவிட்டால் மூவருமே வெளியே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பின்னால் வந்த கிராணியம்மா தன் குதிரையை இழுத்து நிறுத்தினார்.

"என் பின்னாலயே வாங்கக்கா. முன்னால ஒண்ணு போனா இதுவும் வந்துடும்லா."

இரண்டு குதிரைகளும் தாண்டின. இறங்கியதும் அம்மா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்களுக்காக நின்ற நேரத்தில் கிராணியம்மாவின் குடும்பம் முதல் பரிசை இழந்துவிட்டது.

"அன்னைக்கு எங்கம்மாவுக்காக நின்னீங்களே, ரொம்ப நன்றிம்மா" என்றேன் இன்று.

"அட, எனக்கும் அந்த வேலியத் தனியா தாண்டப் பயம்லா! உங்கம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார்.

அதற்காக, சொன்ன நன்றியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பயந்துகொண்டே உதவிய இப்படி ஒருவர் உங்களுக்கும் உண்டா?