எதிரெதிர் பெஞ்சுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்கத்தாவில் பூமிக்கடியில் ரயில்பாதை தோண்டிய இடத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. சுரங்கத்துக்குள் தண்ணீர் புகாமலிருக்கக் காற்றழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். வேலை முடிந்தவர்கள் ஓர் இரும்பு அறையில் உட்கார்ந்து, அழுத்தம் மெல்ல இறங்கியபின்தான் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டால் மூட்டில் வலி பிடிக்கும். நடக்கும் சக்தியையே இழந்தவர்களும் உண்டு. ஆனாலும் அழுத்தத்தை இறக்கும் வால்வுக்காரரை மிரட்டிச் சீக்கிரம் திறக்க வைப்பார்கள். இந்த ஆபத்தைப் பற்றி வங்க மொழியில் நான் ஆற்றிய சொற்பொழிவுக்குப் பிறகு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"வீட்ல ஒரு எடத்துல உக்காராத ஆளு, ஊரை உக்கார வைக்கப் போறீங்களாக்கும்," என்றாள் மனைவி.

அறையின் பெஞ்சுகளெல்லாம் பஸ் இருக்கைகள்போலக் கதவைப் பார்த்திருந்தன. கதவையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அவசரம் வராமல் என்ன செய்யும்? பெஞ்சுகளை எதிரெதிரே போட வைத்தேன். வங்காளிகள் முகம் பார்த்து உட்கார்ந்தால் அரட்டை தானாக வரும்; அதை அட்டா என்று கொண்டாடும் ஊர் அது.

நகரத்தின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் மோதும் நாள் வந்தது. இன்று ரேடியோவைத் தேடி ஓடுவார்கள் என்ற பயத்தோடு வெளியே நின்றேன். அழுத்தம் முழுக்க இறங்கி, கதவும் திறந்தது. யாரும் வரவில்லை. உள்ளே இரண்டு கட்சியாகப் பிரிந்து, யார் ஜெயிப்பார்கள் என்று சண்டை.

"நேரமாச்சு தாதா, வாங்க," என்றேன். அங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்.

"இருங்க தாதா, இவனுக்கு பதில் சொல்லாம எப்படி வர்றது?"

அந்த மழைக்காலம் முழுவதும் மூட்டுவலி என்று டாக்டரிடம் ஒருவரும் போகவில்லை. தொண்டைக்கட்டு என்றுதான் போனார்கள்.