பெயிண்டுக்கு அடியில் இருந்த தகரம்

அல்லிநகரத்து வீட்டில் பழைய கார் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் ஜெயபால் வயரிங் முடித்துப் போன பிறகு, கார் பாடியில் போல்ட் போட்டிருந்த எர்த் வயரை நானே கழற்றி, அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டினேன். ஹெட்லைட் எரியவில்லை. “ஜெயபால் மட்டமான வயரைப் போட்டுட்டாரு” என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

அது அவர் காதுக்குப் போய், மறுநாளே வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ பானட்டைத் திறந்து, எர்த் போல்ட்டைக் கழற்றி, என் பளபளப்பான பெயிண்டை உப்புத்தாளால் சுரண்டினார்.

“பெயிண்டு மேல வயரை முறுக்குனா கரண்டு எப்பிடிண்ணே பாயும்? தகரத்தைத் தொடணும்ல” என்றார்.

லைட் எரிந்தது. உப்புத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து தெருவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சுரண்டிய இடத்தைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவருகிறேன். இன்னும் நாலு வீடு பாக்கி.